முதல்ல கப்பல், அப்புறம்தான் ரூம்

போன வருஷம் செப்டம்பர் கடைசில நானும் அக்காவும் கிரீஸ்ல ஏதென்ஸ் போயி அங்கேருந்து நாக்ஸோஸ், பாரோஸ்னு ரெண்டு தீவு பாத்துட்டு வந்தோம். ஏழு நாளு, ஆறு ராத்திரி, தீவுக்கு தீவு போனது வந்தது எல்லாமே கப்பல்லதான். போட்டோ போட்டதுலேருந்து ஆளாளுக்கு கேட்டுட்டே இருக்காங்க, எந்த தீவு, எத்தனை நாளு, டிக்கெட் எப்ப எடுத்தீங்கன்னு, எல்லாருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டு இருந்தேன், ஒரே இடத்துல எழுதி வச்சுட்டா நல்லதுன்னு தோணுச்சு.

ஆனா இது எனக்கு ரெண்டாவது தடவ. முதல் தடவ என்ன ஆச்சுன்னு சொல்லாம ரெண்டாவதுல ஏன் அப்படி பிளான் போட்டோம்னு சொன்னா புரியாது.

அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு ஜூலை மாசம் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். ஏதென்ஸ்ல ஒரு ராத்திரி, மிக்கோனோஸ் தீவுல ரெண்டு, சான்டோரினி தீவுல ரெண்டு, ஆறாவது நாள் காலைல சான்டோரினிலேருந்து கப்பல், அன்னைக்கு ராத்திரியே ஏதென்ஸ்லேருந்து ஃப்ளைட். பேப்பர்ல பாத்தா கச்சிதமா இருந்துச்சு, கப்பல் வந்து சேர்றதுக்கும் ஃப்ளைட்டுக்கும் நடுவுல அஞ்சு மணி நேரம் இருக்கே, போதாதான்னு நினைச்சோம். அஞ்சாவது நாள் சாயங்காலம் நாங்க தங்கியிருந்த வீட்டம்மா வந்து, நாளைக்கு காத்து பலமா இருக்கும்னு சொல்றாங்க, கப்பல் போகுமான்னு காலைல விசாரிச்சுட்டு கிளம்புங்கன்னாங்க. வானத்துல ஒரு மேகம் கிடையாது, பளீர்னு வெயில், என்ன காத்துன்னு நாங்க காதுல வாங்கிக்கல. காலைல பையெல்லாம் தூக்கிட்டு அத்தினியோஸ் துறைமுகத்துக்கு போயிட்டோம். அது அந்த பெரிய பாறைச் சுவரோட அடியில இருக்கு, மேலேருந்து வளைஞ்சு வளைஞ்சு இறங்குற ரோடு ஒண்ணுதான். கீழ போயி பாத்தா நூறு நூத்தம்பது பேரு பை மேல உக்காந்திருக்காங்க, கப்பல் நிக்கிற இடம் காலியா கெடக்கு. கடலோரக் காவல்படை தடை போட்டுட்டாங்க, எப்ப எடுப்பாங்கன்னு யாருக்கும் தெரியல. மறுநாள் காலைலதான் தடை எடுத்தாங்க. அதுக்குள்ள எங்க ஃப்ளைட் போயிருச்சு.

கப்பல் டிக்கெட் காசு திரும்ப வந்துருச்சு, அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஃப்ளைட் டிக்கெட் தனியா எடுத்தது, அதுக்கு ஒரு பைசா வரல. ஐரோப்பாவுல கப்பல் பயணிகளுக்குன்னு 2010லயே ஒரு சட்டம் போட்டிருக்காங்க, 1177/2010ன்னு நம்பரு. கப்பல் கேன்சல் ஆனாலோ ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல லேட்டா கிளம்பும்னாலோ வேற கப்பல்ல அனுப்பணும், இல்ல காச திருப்பி தரணும். தங்குறதுக்கும் ஒரு ராத்திரிக்கு 80 யூரோ வரைக்கும், மூணு ராத்திரி வரைக்கும் அவங்களே பாத்துக்கணும்னு இருக்கு. ஆனா காத்து மழையால கப்பல் ஓட்டறது ஆபத்துன்னு நிறுத்துனா அந்த தங்குற செலவு கிடைக்காது, லேட்டா வந்ததுக்கு நஷ்டஈடும் கிடைக்காது. தீவுல மாட்டிக்கறது முக்கால்வாசி காத்தாலதான்ங்கறதால இது தெரிஞ்சிருக்கறது ரொம்ப முக்கியம், சட்டம் இருக்கே பாத்துக்கலாம்னு இருக்க முடியாது.

அந்த காத்துக்கு பேரு மெல்டெமி. கிரீஸுக்கும் துருக்கிக்கும் நடுவுல இருக்கற ஏஜியன் கடல்ல கோடைக்காலத்துல வடக்கேருந்து வீசுற காத்து, ஜூலை ஆகஸ்ட்லதான் உச்சம். மழைக்காத்து இல்ல, புயல் மாதிரி இருட்டிக்கிட்டும் வராது, நல்லா நீலமா வானம் இருக்கும்போதே நாலஞ்சு நாள் விடாம அடிக்கும். அதனாலதான் நாங்க வானத்த பாத்து ஏமாந்தோம். அங்க காத்த கிலோமீட்டர்ல பேசமாட்டாங்க, போஃபோர்ட்டுன்னு ஒரு அளவுல சொல்வாங்க, ஆறு, ஏழு, எட்டுன்னு. எட்டுன்னா மணிக்கு 62லேருந்து 74 கிலோமீட்டர். எந்த கப்பல நிறுத்தறதுங்கறது கப்பலோட சைஸு, வகை, எந்த வழியா போகுதுங்கறத பொறுத்தது, ஆனா பொதுவா வேகமா போற கேடமரான் வகை (ரெண்டு அடிப்பாகம் இருக்கற கப்பல்) முதல்ல நிக்கும், கார் லாரியெல்லாம் ஏத்திட்டு போற பெரிய கப்பல் கடைசியா நிக்கும். இந்த ஒரு விஷயம் அன்னைக்கு தெரிஞ்சிருந்தா நான் டிக்கெட் எடுத்ததே வேற மாதிரி இருந்திருக்கும்.

சரி, இப்ப அக்கா கூட போன கதை. அக்கா எனக்கு ஒம்பது வயசு மூத்தவ, அவளோட பசங்க ரெண்டு பேரும் காலேஜ் போனப்புறம்தான் எங்கயாவது போலாம்டின்னு முதல் தடவையா வாய தொறந்து கேட்டா. கேட்டதும் ஒரே ஒரு கண்டிஷன், எனக்கு கப்பல்ல தலை சுத்தும், ஆனா கப்பல்லதான் போகணும்னா. ரெண்டையும் ஒரே மூச்சுல சொன்னா. சின்ன வயசுலேருந்து கடல பாக்கறதுன்னா அவளுக்கு அப்படி ஒரு ஆச, அதுக்காகவே இந்த பிளான ஒழுங்கா போடணும்னு எனக்கு ஒரு வைராக்கியம் வந்துருச்சு.

உக்காந்தோம். எல்லாரும் பண்ற மாதிரி முதல்ல தீவு பேரெல்லாம் எழுதுனோம், ஏழெட்டு வந்துச்சு. அக்காவுக்கு கூஃபோனீசியா போகணும்னு, அது நாக்ஸோஸ் பக்கத்துல ரொம்ப குட்டி தீவு. எனக்கு அமோர்கோஸ். ரெண்டு பேருக்குமே சான்டோரினி. அப்புறம் நான் சொன்னேன், அக்கா, தீவ விட்டுரு, எந்த கப்பல் எந்த வழியா போகுதுன்னு மட்டும் பாப்போம்னு.

ஏன்னா தீவுக்கு தீவு எல்லா இடத்துக்கும் கப்பல் கிடையாது. மேப்ல பக்கத்துல பக்கத்துல தெரியும், ஆனா நடுவுல நேரடி கப்பல் இருக்காது, இல்லனா வாரத்துல ரெண்டு நாள்தான் இருக்கும். பஸ் ரூட் மாதிரிதான், ஒரு லைன்ல இருக்கற ஸ்டாப்புக்குள்ள போறது ஈஸி, லைன் மாறுனா கஷ்டம். ஏதென்ஸோட பிரேயஸ் துறைமுகத்துலேருந்து காலைல ஏழரை மணி வாக்குல கிளம்புற பெரிய கப்பல் பாரோஸ், நாக்ஸோஸ், சான்டோரினின்னு வரிசையா போகும். இதுதான் சைக்ளேட்ஸ்ங்கற இந்த தீவுக் கூட்டத்துக்கு முதுகெலும்பு மாதிரி இருக்கற லைன். பாரோஸுக்கு நாலு மணி நேரம் சொச்சம், நாக்ஸோஸுக்கு அஞ்சு மணி நேரம் சொச்சம், சான்டோரினிக்கு ஏழெட்டு மணி நேரம். இந்த வரிசைய பாத்த உடனே எங்க பிளான் பாதி முடிஞ்சுருச்சு.

சான்டோரினிய வெட்டிட்டோம். போக ஏழெட்டு மணி, வர ஏழெட்டு மணி, மொத்தம் இருக்கறது ஏழு நாளு, அதுல ரெண்டு நாள் இதுக்கே போயிரும். வேகமா போற கப்பல்ல அஞ்சு மணி நேரத்துல போலாம், ஆனா டிக்கெட் விலை நல்லாவே கூட, காத்து அடிச்சா முதல்ல நிக்கறதும் அதுதான், போதாததுக்கு பல கேடமரான்ல வெளிய டெக்குக்கு வர முடியாது, கண்ணாடிக்கு உள்ளயே உக்காந்திருக்கணும். தலை சுத்தற அக்காவ அஞ்சு மணி நேரம் கண்ணாடிக்குள்ள உக்கார வைக்க எனக்கு மனசு வரல. கூஃபோனீசியாவுக்கு நாக்ஸோஸ்லேருந்து எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ்னு ஒரு சின்ன கப்பல் போகும், ஈராக்லியா, ஸ்கினூசா, டோனூசான்னு அந்த குட்டித் தீவுகளுக்கெல்லாம் போயி அமோர்கோஸ் வரைக்கும் போற கப்பல், அந்த தீவுக்காரங்களுக்கு சாமான் வர்றதுகூட அதுலதான். போயி பாத்தவங்க அத அவ்ளோ பிரியமா பேசுவாங்க. ஆனா சின்னக் கப்பல், காத்து இருந்தா நல்லா ஆட்டும், அதுவும் வேணாம்னு வச்சோம். அக்காவுக்கு கொஞ்சம் முகம் சுருங்கிச்சு. ஆனா ஏழு நாள்ல ரெண்டு தீவுக்கு மேல வச்சா, ரூம் காலி பண்றது, பைய தூக்கறது, துறைமுகத்துல காத்திருக்கறது, மறுபடி ரூம் தேடறதுன்னு ஒவ்வொரு மாத்தத்துக்கும் அரை நாள் காலி. மூணு தீவுன்னா மூணு அரை நாள். ரெண்டு தீவு, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ராத்திரி, இது எனக்கு இப்ப ரொம்ப உறுதியான அபிப்பிராயம், யாரு கேட்டாலும் இததான் சொல்றேன்.

அடுத்தது வரிசை. தூரமா இருக்கற தீவுக்கு முதல்ல போயிடணும், அப்புறம் கரைய நோக்கி கிட்ட கிட்ட வரணும். அதனால முதல்ல நாக்ஸோஸ், திரும்பி வர்ற வழியில பாரோஸ். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. பாரோஸ்லேருந்து பிரேயஸ் திரும்ப ஒரு நாளைக்கு பல கப்பல் இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு பிடிக்கலாம். இதே தலைகீழா போட்டிருந்தா கடைசில தூரத்துல மாட்டிக்கிட்டு இருந்திருப்போம், முதல் தடவ சான்டோரினில மாட்டுன மாதிரியே.

கடைசி ராத்திரி ஏதென்ஸ் கரையிலதான் தங்கணும், தீவுல இல்ல. இத நான் எவ்ளோ அழுத்தி சொன்னாலும் பத்தாது. ஃப்ளைட் இருக்கற அன்னைக்கு காலைல தீவுல இருக்கக்கூடாது. முந்தின நாளே துறைமுக ஊருக்கு வந்துரணும். அப்பதான் கப்பல் நின்னாலும் கையில ஒரு நாள் இருக்கும். அதுக்கு ஆகற ஒரு ராத்திரி ரூம் வாடகைய வீண் செலவுன்னு நினைக்கறவங்க இருக்காங்க, நானும் அப்படிதான் நினைச்சேன், மூணு மடங்கு காசு குடுத்து புது ஃப்ளைட் டிக்கெட் எடுத்தப்புறம் நினைக்கறத நிறுத்திட்டேன்.

இத்தனையும் முடிவு பண்ணி கப்பல் டிக்கெட் எடுத்தப்புறம்தான் ரூம் புக் பண்ணோம். எல்லாரும் நல்ல ரூம் ஒண்ணு கண்ணுல பட்டதும் அத புக் பண்ணிட்டு அப்புறம் கப்பல் தேடறாங்க, அன்னைக்கு பாத்து கப்பல் ராத்திரி பதினொண்ணு மணிக்குதான் இருக்கும், இல்ல அந்த நாள்ல இருக்கவே இருக்காது. கோடைக்கால டைம்டேபிள் மொத்தமா ஒரே நாள்ல வராது, கம்பெனி கம்பெனியா கொஞ்சம் கொஞ்சமாதான் போடுவாங்க, ஜனவரில தேடிட்டு கப்பலே இல்லன்னு பயப்பட வேண்டாம். வேகக் கப்பலெல்லாம் பெரும்பாலும் ஏப்ரல்லேருந்து அக்டோபர் வரைக்கும்தான். ஆகஸ்ட் 15 மாதா திருநாள், கிரீஸ்காரங்களே மொத்தமா தீவுக்கு கிளம்புற சமயம், அதுக்கு முன்னாடி பின்னாடி போறீங்கன்னா மட்டும் டிக்கெட்ட சீக்கிரம் எடுத்துருங்க. மே 1 அன்னைக்கு கப்பல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் பல வருஷம் நடந்திருக்கு, அந்த தேதில பயணம் வைக்காம இருக்கறது நல்லது. டிக்கெட்ல பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். சாதா டெக் டிக்கெட் (சீட் நம்பர் இல்லாதது) போதும்னு எடுத்தோம், பகல் பயணத்துக்கு அது தாராளம்.

துறைமுகம் பேர ஒரு தடவைக்கு ரெண்டு தடவ பாருங்க. ஏதென்ஸுக்கு துறைமுகம் ஒண்ணு இல்ல, மூணு. பிரேயஸ் பெருசு. ரஃபீனா ஏர்போர்ட்டுக்கு கிட்ட, ஆந்த்ரோஸ், தினோஸ், மிக்கோனோஸ் போறவங்களுக்கு அது வசதி. லாவ்ரியோ தெக்க இருக்கு, கேயா, கித்னோஸ் போறதுக்கு. இது கிரீஸ்ல மட்டும் இல்ல. குரோஷியாவுல ஸ்ப்ளிட்லேருந்து ஹ்வார் தீவுக்கு போறதா டிக்கெட் எடுத்தா, கார் ஏத்தற கப்பல் ஹ்வார் ஊருக்கு போகாது, தீவோட இன்னொரு பக்கம் ஸ்டாரி கிராட்னு ஒரு இடத்துல இறக்கி விட்டுரும், அங்கேருந்து பஸ் பிடிக்கணும். ஹ்வார் ஊருக்கே நேரா போறது கேடமரான்தான். தீவு பேரும் ஊரு பேரும் ஒண்ணா இருக்கற இடத்துலயெல்லாம் இந்த குழப்பம் வரும். (ஸ்ப்ளிட்ல ஒரு நல்ல விஷயம் என்னன்னா ரயில், பஸ், கப்பல் மூணும் பக்கத்துல பக்கத்துல, பழைய ரோமானிய அரண்மனையும் அங்கேருந்து நடக்கற தூரம். அடுத்த தடவ அங்கதான்.)

பிரேயஸுக்கு போறது இப்ப ரொம்ப ஈஸி. 2022 அக்டோபர்லேருந்து ஏர்போர்ட்டுக்கு போற மெட்ரோ லைன் 3 நேரா பிரேயஸ் வரைக்கும் வந்துருச்சு, ஏறி உக்காந்தா ஒரு மணி நேரம், மாற வேண்டியதில்ல. நாங்க போனப்ப ஏர்போர்ட் டிக்கெட் 9 யூரோ. ஒண்ணு மட்டும், அந்த லைன்ல போற எல்லா ரயிலும் ஏர்போர்ட் வரைக்கும் போகாது, கிட்டத்தட்ட அரைமணி நேரத்துக்கு ஒண்ணுதான், போர்டுல பாத்து ஏறணும். துறைமுகம் பெருசுன்னா சும்மா பெருசு இல்ல, கேட் E1லேருந்து E12 வரைக்கும் இருக்கு, சைக்ளேட்ஸ் கப்பல் பெரும்பாலும் E6, E7 பக்கம், அது மெட்ரோவுக்கு எதிர்லயே. E1ன்னு போட்டிருந்தா அது அந்தக் கோடி, பையோட நடந்தா இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும், துறைமுகத்துக்குள்ள ஒரு பஸ் சுத்தும். எந்த கேட்டுன்னு முந்தின நாளே பாத்து வச்சுக்கிட்டோம். காலைல ஆறரைக்கெல்லாம் போயிட்டோம்.

கப்பல்ல ஏறறது விமானத்துல ஏறற மாதிரி இல்ல. பின்பக்கம் பெரிய இரும்புக் கதவு பலகை மாதிரி தரையில சாஞ்சு கிடக்கும், லாரி ஒரு பக்கம் ரிவர்ஸ்ல ஏறிட்டு இருக்கும், மனுஷங்க ஒரு பக்கம் ஏறிட்டு இருப்பாங்க. உள்ள நுழைஞ்ச உடனே சுவரோரம் பை வைக்கற ரேக், ஒவ்வொண்ணு மேலயும் தீவு பேரு எழுதியிருக்கும், நம்ம தீவு ரேக்ல பைய வச்சுட்டு கைப்பையோட மேல போயிரலாம். பாஸ்போர்ட், மருந்து, காசு இதெல்லாம் கைப்பையிலயே இருக்கட்டும், கப்பல் கிளம்புனப்புறம் கீழ வண்டித் தளத்துக்கு விடமாட்டாங்க.

அக்காவுக்காக நான் விசாரிச்சு வச்சது என்னன்னா, கப்பல் ஆடறது முன்பக்கமும் பின்பக்கமும் மேல் தளத்துலயும்தான் அதிகம், நடுவுல கீழாக உள்ள தளத்துல கம்மி. அங்க உக்காரணும். இல்லனா வெளிய வந்து காத்துல நின்னு தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டையே பாக்கணும். கண்ணுக்கு முன்னாடி அசையாத ஒரு விஷயம் இருந்தா காதுக்குள்ள இருக்கற பேலன்ஸும் கண்ணு பாக்கறதும் ஒத்துப்போகும், குமட்டல் குறையும். ஃபோன பாக்கறது, புக் படிக்கறது ரெண்டும் ஆகாது. மாத்திரை போடறதா இருந்தா ஏறறதுக்கு முன்னாடியே போடணும், குமட்ட ஆரம்பிச்சப்புறம் போட்டா பிரயோஜனம் கம்மி, எந்த மாத்திரைன்னு அக்கா அவ டாக்டர்கிட்ட கேட்டு வாங்கிட்டு வந்திருந்தா. வெறும் வயித்தோடவும் போகக்கூடாது, வயிறு முட்டவும் சாப்பிடக்கூடாது.

முதல் ஒரு மணி நேரம் உள்ள நடுவுல உக்காந்தா, கைய இறுக்கி பிடிச்சுட்டு. அப்புறம் நானா, மேல போயி பாக்கலாமாக்கான்னு கேட்டேன். பின்பக்க டெக்ல போயி நின்னோம். பிரேயஸ் பின்னாடி வெள்ளையா தேஞ்சுட்டு போகுது, கப்பலுக்கு பின்னாடி தண்ணி ரெண்டா பிரிஞ்சு நுரையா ஒரு ரோடு மாதிரி நீண்டு கெடக்கு. அக்கா கம்பிய பிடிச்சுட்டு ஒண்ணுமே பேசல. நான் என்னக்கா, சுத்துதான்னு கேட்டேன். இல்லடி, நீ சும்மா இருன்னா. மூணு மணி நேரம் அங்கயேதான் நின்னா, நான் காபி வாங்கிட்டு வந்து குடுத்தத குடிக்க மறந்து ஆறிப்போச்சு. அந்த காபி கப்போட அவ நிக்கறத பாத்தப்பதான் எனக்கு தோணுச்சு, நாம கப்பல் நேரத்த வீணாப் போற நேரம்னு கணக்கு போடறோம், அக்காவுக்கு அதுதான் டூரே. வேகக் கப்பல் எடுக்காம விட்டது எவ்ளோ நல்லதாப் போச்சு.

நாக்ஸோஸ் வரப்போகுதுன்னு அறிவிப்பு வந்ததும் உடனே கீழ இறங்கிரணும். ஒரு ஸ்டாப்புல கப்பல் நிக்கறது சில நிமிஷம்தான், பொறுமையா எழுந்து வரலாம்னா அடுத்த தீவுக்கு போயிருவீங்க. இறங்கறவங்க எல்லாரும் வண்டித் தளத்துல காருக்கும் லாரிக்கும் நடுவுல பையோட நிப்போம். டீசல் வாசன, கால்ல தரை அதிர்றது தெரியும், லாரிக்காரங்க எஞ்சின ஸ்டார்ட் பண்ணிருவாங்க. கப்பல் துறைமுகத்துக்குள்ள வந்து அப்படியே திரும்பி நங்கூரத்த போட்டுட்டு பின்பக்கமா கரைய நோக்கி வரும். இன்னும் முழுசா நிக்கவே இல்ல, அந்த இரும்புக் கதவு சங்கிலி சத்தத்தோட கீழ இறங்க ஆரம்பிக்கும். முதல்ல மேல ஒரு கீத்து வெளிச்சம், அப்புறம் வெளிச்சம் அகலமாகி அகலமாகி வெள்ள வீடு, மலை, கரையில கயிறு பிடிக்க நிக்கற ஆளுன்னு தெரிய வரும். கதவு தரையத் தொட்டு உராயுது, ஊழியர் கைய ஆட்டுனதும் ஜனமும் வண்டியும் ஒண்ணா வெளிய போகுது. அக்கா என் கைய விடாம பிடிச்சுட்டு இறங்குனா.

இறங்கி திரும்பிப் பாத்தா போர்ட்டாரா. துறைமுகத்த ஒட்டி ஒரு திட்டு, அது மேல தனியா ஒரு பளிங்கு வாசல் மட்டும் நிக்கும், கோயில் கிடையாது, வாசல் மட்டும். கி.மு. ஆறாம் நூற்றாண்டுல கிரேக்க சாமி அப்போலோவுக்கு கோயில் கட்ட ஆரம்பிச்சு முடிக்காமயே விட்டது. சாயங்காலம் சூரியன் அந்த வாசலுக்குள்ள இறங்கறத பாக்க ஊரே அங்க வரும், நாங்க ரெண்டு நாளும் போனோம்.

தீவுல என்ன பாத்தோம்ங்கறத தனியா எழுதறேன், இது பிளான் பத்தினது. ஆனா ஒண்ணு, பாரோஸ்ல இருக்கும்போது பக்கத்துல ஆன்டிபாரோஸ்ங்கற குட்டித் தீவுக்கு போயிட்டு வந்தோம், பூண்டாங்கற இடத்துலேருந்து பத்து நிமிஷம்தான் கப்பல், டிக்கெட்ட முன்கூட்டி எடுக்க வேண்டியதில்ல, பைய ரூம்லயே வச்சுட்டு போலாம். கூஃபோனீசியா போகலையேன்னு அக்காவுக்கு இருந்த வருத்தம் இதுல கொஞ்சம் தீந்துச்சு. குட்டித் தீவு ஆசை இருக்கறவங்க இப்படி ரூம் மாத்தாம போயிட்டு வர்ற மாதிரி ஒண்ணு பிளான்ல வச்சுக்கோங்க.

மூணு நாலு நாள்தான் லீவுன்னா சைக்ளேட்ஸ் பக்கமே போகாதீங்க. பிரேயஸ்லேருந்தே ஏஜினா தீவு ஹைட்ரோஃபாயில்ல (தண்ணி மேல எழும்பி வேகமா போற படகு) நாப்பது நிமிஷம், ஹைட்ரா ரெண்டு மணி நேரத்துக்குள்ள. ஹைட்ராவுல கார் கிடையாது, சாமானெல்லாம் கோவேறு கழுதை மேலதான் போகும். அந்தப் பக்கம் மெல்டெமி தொல்லையும் ஏஜியன் நடுவுல இருக்கற அளவு இருக்காது. காலைல போயிட்டு சாயங்காலம் திரும்பிரலாம், ரூம் ஏதென்ஸ்லயே ஒண்ணு போதும்.

எந்த மாசம்னு கேட்டா மே கடைசி, ஜூன் ஆரம்பம், இல்ல செப்டம்பர். செப்டம்பர்ல தண்ணி இன்னும் சூடு குறையாம இருக்கும், கூட்டம் குறைஞ்சிருக்கும், காத்தும் பெரும்பாலும் தணிஞ்சிருக்கும். நாங்க போன ஏழு நாளும் காத்து போஃபோர்ட் நாலுக்கு மேல போகல. தினம் சாயங்காலம் அடுத்த நாள் காத்து எவ்ளோன்னு பாக்கறத மட்டும் நான் விடல, அக்காவே கடைசில கேக்க ஆரம்பிச்சுட்டா, இன்னைக்கு எத்தனைடின்னு.

திரும்பி வர்ற கப்பல் சொன்ன நேரத்துக்கு பிரேயஸ் வந்துருச்சு. கையில வச்சிருந்த ஒரு நாள் அப்படியே மிச்சம். ரூம் பிரேயஸ்லயே மெட்ரோ பக்கத்துல போட்டிருந்தோம், மறுநாள் ஃப்ளைட் சாயங்காலம்தான். காலைல எழுந்து அங்க இருக்கற தொல்பொருள் மியூசியத்துக்கு நடந்தே போனோம், கூட்டமே இல்ல. உள்ள ஒரு ரூம்ல வெண்கலத்துல அப்போலோ நிக்கறான், ஆள் உயரம். 1959ல ரோட்ட தோண்டும்போது கிடைச்சது, கூடவே அதீனா, ஆர்ட்டெமிஸ் சிலையெல்லாம் ஒண்ணா புதைஞ்சு கிடந்திருக்கு. எங்கயோ கப்பல் ஏத்தி அனுப்ப வச்சிருந்து அப்படியே மண்ணுக்குள்ள போயிருக்கலாம்னு சொல்றாங்க. வலது கைய முன்னாடி நீட்டி, உள்ளங்கை மேல பாத்த மாதிரி, எதையோ வாங்கிக்க நிக்கற மாதிரி இருக்கான். அக்கா ரொம்ப நேரம் அந்த கையையே பாத்துட்டு நின்னா, நான் பெஞ்சுல உக்காந்து மெட்ரோ டைம் பாத்துட்டு இருந்தேன், அடுத்த ஏர்போர்ட் ரயிலுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்துச்சு.